எம்-புக்கில் எழுதிய சாலை

ஊருக்கு ரோடு வரப்போகிறது என்பது ஐம்பது வருடங்களுக்கு முன்பெல்லாம் மாதக்கணக்கில் முன்கூட்டியே தெரிந்துவிடும். சாலையோரத்தில் கருங்கல் ஜல்லி வந்து இறங்கும். அதைக் கண்டபடி கொட்டிவைக்க முடியாது. மேலே குறுகலும் அடியில் அகலமுமாக, ஒரே உயரத்தில், இத்தனை அடிக்கு ஒன்று என்று குவியல் கட்ட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன்கள் அதன்மேல் ஏறிச் சரிப்பதும், மேஸ்திரி துரத்துவதும், ஆள்விட்டு மறுபடி கட்டுவதும் நடக்கும். பையன்களை அவர் அப்படித் துரத்தியதற்குக் காரணம் உண்டு. குவியல் சரிந்தால் அளவு சரியும், அளவு சரிந்தால் பில் சரியும்.

ஒரு நாள் ஓவர்சியர் வருவார். கையில் டேப், அக்குளில் தடித்த ஒரு புத்தகம், பின்னால் சுண்ணாம்புத் தண்ணீர் வாளியோடு ஒரு மஸ்தூர். ஒவ்வொரு குவியலாக மேல் நீளம், அடி நீளம், அகலங்கள், உயரம் எல்லாம் அளப்பார். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்துக்கு ஒரு கழிவு போடுவார். அளந்து புத்தகத்தில் எழுதியதும் மஸ்தூர் அந்தக் குவியலின்மேல் சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்துவிட்டு அடுத்ததற்கு நகர்வார். வெள்ளைப் புள்ளி விழுந்த குவியல் கணக்கில் ஏறிவிட்டது. அதை இரவோடு இரவாக அடுத்த மைலுக்கு அள்ளிக்கொண்டுபோய் மறுபடி அளக்கக் காட்ட முடியாது என்று பொருள். அரசாங்கப் பணத்துக்கு அன்று இருந்த காவல்களில் மிக எளியது இந்தச் சுண்ணாம்புதான். மிகவும் புத்திசாலித்தனமானதும் இதுதான் என்பேன்.

காவல் இருந்தால் கன்னமும் இருக்கும். மண்மேட்டைச் சுற்றி ஜல்லியைப் போர்த்திவிட்டு முழுக் குவியலாக அளக்கவைப்பது ஒரு வித்தை. ஓவர்சியர் கெட்டிக்காரராக இருந்தால் நடுவில் ஒரு கடப்பாரையை இறக்கிப் பார்ப்பார். சுண்ணாம்பை மழை கழுவிவிட்டது என்பது இன்னொன்று. மழையே பெய்யாத ஊரில்கூட அது கழுவிப் போகும்.

தாருக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு இருந்தது. பல வேலைகளில் தாரை இலாகாவே டிரம் டிரம்மாகக் கொடுத்தது. விறகு மூட்டி உருக்கி, பூவாளி போன்ற தகரத்தால் ஊற்றுவார்கள். வேலை முடிந்ததும் காலி டிரம்மை எண்ணித் திருப்பி ஒப்படைக்க வேண்டும், அல்லது அதன் விலையைக் கட்ட வேண்டும். இத்தனை காலி டிரம் வந்திருக்கிறது, ஆகவே இவ்வளவு தார் ரோட்டில் போயிருக்கிறது என்பது கணக்கு. தார் டிரம்மை விட்டு வெளியே போனது என்பதற்குத்தான் அது சாட்சி. எந்த ரோட்டுக்குப் போனது, யார் வீட்டு மொட்டைமாடிக்குப் போனது என்பதைக் காலி டிரம் சொல்லாது.

அன்றைய முறையின் பலமும் பலவீனமும் இதில் அடங்கிவிடும். உள்ளே போகும் பொருளை அது எண்ணி எண்ணி அளந்தது. அதிலிருந்து என்ன ரோடு வெளியே வந்தது, எத்தனை மழை தாங்கியது என்று அளக்க அதனிடம் ஏற்பாடு இல்லை.

ஓவர்சியர் அக்குளில் இருந்த அந்தப் புத்தகத்துக்கு எம்-புக் என்று பெயர். ஆவணங்களில் அளவுப் புத்தகம் என்று எழுதினாலும், இலாகாவில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பொதுப்பணித் துறையின் பிள்ளை அது. 1946-இல் மதராஸ் மாகாணத்தில் நெடுஞ்சாலைத் துறை தனியாகப் பிரிந்தபோது அதுவும் கூடவே வந்தது. பக்கங்களுக்கு அச்சிட்ட எண் இருக்கும், கிழிக்கக் கூடாது. அழிக்கக் கூடாது, தப்பாக எழுதினால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். வேலை நடந்த இடத்திலேயே எழுத வேண்டும். கீழே இருப்பவர் எழுதியதில் ஒரு பங்கை மேலே இருப்பவர் நேரில் வந்து மறுபடி அளந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு செக் மெஷர்மென்ட் என்று பெயர். பில் எழுதுவது எம்-புக்கிலிருந்துதான். ரோட்டில் இருப்பது எம்-புக்கில் இல்லாவிட்டால் கான்ட்ராக்டருக்குக் காசு கிடையாது. எம்-புக்கில் இருப்பது ரோட்டில் இல்லாவிட்டால் காசு உண்டு. நம் சாலைகளின் முக்கால் கதை இந்த ஏற்பாட்டுக்குள் நடப்பது.

இனி டெண்டர் நாளைப் பார்க்கலாம். கோட்டப் பொறியாளர் அலுவலக வராந்தாவில் பூட்டி அரக்கு முத்திரை வைத்த மரப்பெட்டி. டெண்டர் படிவத்தை அதே அலுவலகத்தில் காசு கட்டி வாங்க வேண்டும் என்பதால், யார் யார் வாங்கினார்கள் என்பது சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிடும். வாங்கியவர்கள் ஒரு ஓட்டலிலோ லாட்ஜிலோ கூடுவார்கள். இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு, மூன்றாமவருக்கு ஒரு தொகை என்று பேசி முடிப்பார்கள். அதற்கு ரிங் என்று பெயர். பேச்சுக்கு வராதவர் டெண்டர் நாளன்று பெட்டியை நெருங்க முடியாது. கேட்டருகே நாலு பேர் சும்மா நின்றுகொண்டிருப்பார்கள். பெட்டியைத் திறந்தால் மூன்று உறை இருக்கும், மூன்றும் மதிப்பீட்டுக்கு மேலே சில சதவீதம், ஒன்று மட்டும் மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் குறைவு. விதிப்படி எல்லாம் சரி.

இதைச் சரிசெய்ய முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடுதான் என்பதைக் கொஞ்சம் பெருமையோடே சொல்லலாம். டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் இயற்றப்பட்டு 2000-இல் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. டெண்டர் அறிவிப்புகளுக்கென்று மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் தனி இதழ் வந்தது. 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்றார்கள். நேற்று அறிவித்து இன்று திறக்கும் சாமர்த்தியத்துக்கு அதனால் கடிவாளம் விழுந்தது. அவகாசத்தைக் குறைக்க வேண்டுமென்றால் மேலதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும். பிறகு இணையம் வந்தது. 2023-இல் எல்லா டெண்டரும் இணையவழியில்தான் என்று கட்டாயமாக்கப்பட்டது. மரப்பெட்டி போயிற்று. கேட்டில் நின்ற நாலு பேருக்கும் வேலை போயிற்று. திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு தர்மபுரி வேலைக்கு விலை போடலாம், யாரும் முகத்தைப் பார்க்க முடியாது. இதைச் சின்ன மாற்றம் என்று சொல்பவர்கள் அந்த வராந்தாவில் நின்று பார்க்காதவர்கள்.

ஆனால் முகத்தை மறைத்த இணையமே சில இடங்களில் வேறொன்றைக் காட்டிக்கொடுத்தது. போட்டியாளர்கள் என்று சொல்லிக்கொண்ட நிறுவனங்களின் ஒப்பந்தப்புள்ளிகள் ஒரே கணினி முகவரியிலிருந்து பதிவேற்றப்பட்டன என்ற குற்றச்சாட்டு தமிழ்நாட்டில் எழுந்து நீதிமன்றம்வரை போயிருக்கிறது. லாட்ஜ் அறை மடிக்கணினிக்குள் வந்துவிட்டது என்பதுதான் அந்தக் குற்றச்சாட்டின் சாரம். தகுதி நிபந்தனைகளும் போட்டியைச் சத்தமில்லாமல் சுருக்கும். தார்க்கலவை ஆலை வேலையிடத்திலிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வரும். அதற்கு நியாயமான காரணமும் உண்டு: கலவை லாரியில் வரும் வழியெல்லாம் ஆறிக்கொண்டே வரும், ரோலர் ஓடி முடிவதற்குள் சூடு 90 டிகிரிக்குக் கீழே இறங்கினால் ரோடு இறுகாது. ஆனால் அந்தக் கிலோமீட்டர் கணக்கை 40 என்று வைத்தால் ஐந்து பேர் போட்டிக்கு வரலாம், 25 என்று வைத்தால் ஒருவர் மட்டும் மிஞ்சலாம். பத்து சின்ன வேலைகளை ஒரே பெரிய பேக்கேஜாகக் கட்டுவதும் இப்படித்தான். மேற்பார்வை எளிது, பெரிய இயந்திரம் வரும் என்பது வாஸ்தவம். உள்ளூர்ச் சின்ன கான்ட்ராக்டர் அதோடு போட்டியிலிருந்து கழன்றுவிடுகிறார் என்பதும் வாஸ்தவம்.

சரி, உண்மையான போட்டியே நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் இன்னொரு வினோதம் உண்டு. அன்று மதிப்பீட்டுக்கு மேலே போட்டார்கள் என்பதுதான் புகார். இன்று சில வேலைகளுக்கு மதிப்பீட்டுக்கு வெகுவாகக் கீழே போடுகிறார்கள். அரசுக்கு மிச்சம் என்று கைதட்டலாம். துறை கைதட்டாமல், மிகக் குறைத்துப் போட்டவரிடம் கூடுதல் வைப்புத்தொகை கேட்கிறது. அவர் எங்கேயோ ஈடுகட்டப் போகிறார் என்று அதற்குத் தெரியும். எங்கே ஈடுகட்டுவார் என்பதை ஒரு கணக்குப் போட்டால் கண்ணால் பார்க்கலாம்.

7 மீட்டர் அகல ரோடு, ஒரு கிலோமீட்டர், மேல் அடுக்கு 40 மில்லிமீட்டர் தார்க்கான்கிரீட். மொத்தம் 280 கனமீட்டர். இதில் 40-க்குப் பதில் 35 மில்லிமீட்டர் போட்டால் 35 கனமீட்டர் மிச்சம். எடையில் கிட்டத்தட்ட 80 டன். ஐந்தாறு டிப்பர் லோடு. ஐந்து மில்லிமீட்டர் என்பது நின்று பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது, வண்டியில் போகிறவருக்கு முதுகிலும் தெரியாது. முதல் வருஷம் அந்த ரோடு 40 போட்ட ரோட்டைப் போலவே பளபளவென்று இருக்கும். மூன்றாவது மழையில்தான் வித்தியாசம் தெரியும். அதற்குள் பில் போய், அதிகாரி மாறுதலாகி, சில சமயம் ஆட்சியும் மாறியிருக்கும்.

இதற்கு மருந்து கோர் கட்டிங். சின்ன இயந்திரம் ஒன்றை ரோட்டின்மேல் நிறுத்தி, வட்டமான வாளால் அடிவரை குடைந்து ஒரு உருளையை வெளியே எடுப்பார்கள். கையில் அடங்கும் அந்தத் துண்டில் ரோட்டின் அத்தனை ரகசியமும் அடுக்கடுக்காகத் தெரியும். மேல் அடுக்கு எத்தனை மில்லிமீட்டர், கீழ் அடுக்கோடு ஒட்டியிருக்கிறதா, ஜல்லியைச் சுற்றித் தார் பூசியிருக்கிறதா, அடர்த்தி எவ்வளவு என்று ஆய்வகத்தில் பார்த்துவிடலாம். துண்டை எடுத்த ஓட்டையைக் கலவை போட்டு அடைத்துவிடுவார்கள். புது ரோட்டில் வட்டம் வட்டமாகத் தெரியும் அடையாளங்கள் அவை. சுண்ணாம்பு வாளியின் இடத்துக்கு வந்திருப்பது இந்த வட்டவாள். முன்னது போடப்போகும் பொருளைக் காவல் காத்தது. இது போட்ட ரோட்டையே சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறது. ஆனால் எந்த இடத்தில் குடைவது என்பதை யார் தீர்மானிக்கிறார், அந்த இடம் கான்ட்ராக்டருக்கு முன்னாலேயே தெரியுமா என்ற கேள்விக்குப் பதில் நேர்மையாக இருந்தால்தான் வாளுக்குக் கூர். குடையப்போகும் இடத்தில் மட்டும் 42 மில்லிமீட்டர் போடத் தெரியாதவர் இந்தத் தொழிலில் இருக்க முடியாது.

இத்தனை கருவி, இத்தனை செயலி வந்த பிறகும், இடத்துக்குப் போய்ப் பார்க்காமல் கையெழுத்து விழும் பழக்கம் போகவில்லை. 2022 ஜூனில் வேலூரில் தெருவோரம் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை நகர்த்தாமலே அதன் சக்கரத்தைச் சுற்றி சிமென்ட் ரோடு போட்ட படத்தை நாடே பார்த்துச் சிரித்தது. அதே ஊரில் சில வாரம் கழித்து அடிபம்பை உள்ளே வைத்தே கால்வாய்க் கான்கிரீட் போட்டார்கள். வைரலான பிறகு நடவடிக்கை வந்தது. யாரும் கைப்பேசியில் படம் எடுக்காதிருந்தால் அந்த இடத்தின் அளவும் நீளம், அகலம், கனம் என்று எம்-புக்கில் ஏறி, வண்டிச் சக்கரம் அடைத்த கனஅடியையும் சேர்த்தே பில் ஆகியிருக்கும்.

கொடுத்த காசுக்கு ரோடு வந்ததா என்ற கேள்வியை டெண்டரோடும் பில்லோடும் நிறுத்திவிட்டால் பெரிய செலவொன்று கணக்கில் வராமலே போய்விடும். அதைப் பார்க்க சென்னையின் பழைய தெரு எதற்குள்ளேயாவது நுழைந்தால் போதும். நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன் கட்டிய வீட்டுக்கு அன்று தெருவிலிருந்து மூன்று படி ஏறிப் போனார்கள். இன்று இரண்டு படி இறங்கிப் போகிறார்கள். வீடு அமிழவில்லை, ரோடு வளர்ந்தது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே அடுத்த அடுக்கு, தேர்தலுக்கு ஒன்று, வெள்ளத்துக்கு ஒன்று, கேபிளுக்குத் தோண்டியதற்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் அந்த வேலை அதனதன் மதிப்பீட்டுக்குள் மலிவாகத்தான் முடிந்தது. சுரண்டும் செலவு மிச்சம்தானே. அந்த மிச்சத்தை ஐப்பசியில் கட்டினது தெருக்காரர்கள்: வாசலில் மண்மூட்டை, சமையலறையில் முழங்கால் தண்ணீர், ஊறிப்போன சுவர், மோட்டார் வைத்து இறைக்கும் செலவு. வசதி உள்ளவர்கள் வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். அஸ்திவாரத்துக்கு மேலே சுவரை வெட்டி, வரிசையாக ஜாக்கிகளைச் சொருகி, நாளொன்றுக்குக் கொஞ்சமாக வீட்டை மேலே ஏற்றுவது சென்னையில் ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. லட்சக்கணக்கில் ஆகும். எந்த ரோட்டின் மதிப்பீட்டிலும் அந்த லட்சங்களுக்கு ஒரு வரி கிடையாது.

2021 மே மாதம் தலைமைச் செயலாளராகப் பொறுப்பேற்ற வெ. இறையன்பு அந்த மாதமே ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புது அடுக்கு போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது. சட்டப் புத்தகத்தில் புதிது ஒன்றுமில்லை, பொறியியல் படித்தவர்களுக்கு எப்போதும் தெரிந்ததுதான். ஆனாலும் அந்தக் கடிதத்துக்குப் பிறகு ராத்திரிகளில் மில்லிங் இயந்திரம் தெருவைச் சீவிக்கொண்டு போகும் சத்தத்தைச் சென்னைக்காரர்கள் கேட்கத் தொடங்கினார்கள். நடக்கிறதா இல்லையா என்பதைத் தெருவில் உள்ள யாரும் எந்தப் படிப்பும் இல்லாமல் கண்டுபிடிக்கலாம் என்பதே இந்த உத்தரவின் அழகு. வாசற்படியிலிருந்து ரோடு எத்தனை அங்குலம் என்று சாக்பீஸால் ஒரு கோடு கிழித்துவைத்தால் போதும். அப்படிக் கோடு கிழித்துவைத்துக்கொண்டு சண்டை போடுகிற குடியிருப்போர் சங்கங்கள் இன்று இருக்கின்றன. சீவின பிறகு புது அடுக்கு போடாமல் வாரக்கணக்கில் விட்டுவைத்துப் புழுதியில் குளிப்பாட்டுவது தனிக்கதை.

பராமரிப்பு என்று ஒரு சொல் நம் நிதிநிலை அறிக்கைகளில் எப்போதும் ஓரமாக நின்றுகொண்டிருக்கும். அன்று அதற்கு ஆள் உருவம் இருந்தது. இத்தனை மைலுக்கு ஒரு கேங் என்று மண்வெட்டி, கூடை, இரும்புச் சட்டியோடு சாலைப் பணியாளர்கள் இருப்பார்கள். மழை வந்தால் ஓரத்து மண்ணைச் சீவித் தண்ணீருக்கு வழிவிடுவார்கள். குழி உள்ளங்கை அளவாக இருக்கும்போதே ஜல்லி தட்டி அடைப்பார்கள். ரோட்டைக் கெடுப்பதில் லாரியைவிடத் தேங்கிய தண்ணீருக்குப் பங்கு அதிகம் என்பது பொறியாளருக்குப் பாடத்திலும் அவர்களுக்கு அனுபவத்திலும் தெரியும். 1997-இல் நெடுஞ்சாலைத் துறை இந்த வேலைக்கு ஏறக்குறைய 10,000 பேரை எடுத்தது. 2002 செப்டம்பரில் அவர்கள் அத்தனை பேரும் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2006 பிப்ரவரியில் மறுபடி வேலை கிடைத்தது. நடுவில் போன 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அவர்கள் சங்கம் நடத்திய போராட்டங்களுக்குக் கணக்கில்லை. ஊதியச் சுமை என்ற தலைப்பில் பேசப்பட்டது அந்த வேலைநீக்கம். அந்த மூன்றரை வருஷத்தில் அடைக்காமல் விட்ட சின்னக் குழிகள் பெரிதாகி, பிறகு மொத்தமாகப் புது அடுக்கு கேட்டபோது ஆன செலவை அந்தச் சுமையோடு சேர்த்து யாரும் தராசில் வைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. குழி அடைப்பதற்குத் திறப்புவிழா கிடையாது, கல்வெட்டும் கிடையாது. புது ரோட்டுக்கு இரண்டும் உண்டு. இதைவிடப் பெரிய காரணம் தேடத் தேவையில்லை.

இன்று பராமரிப்பைக் கான்ட்ராக்டரிடமே கொடுத்துப் பார்க்கிறார்கள். 2012 வாக்கில் பொள்ளாச்சிக் கோட்டத்தில் முதன்முதலாக ஒரு சோதனை நடந்தது. ஏறத்தாழ 375 கிலோமீட்டர் சாலைகள், ஐந்து வருஷம், 230 கோடி ரூபாய்க்கு மேல், ஒரே ஒப்பந்தம். செயல்பாட்டு அடிப்படையிலான பராமரிப்பு என்று பெயர் வைத்தார்கள். இதில் காசு கொடுக்கும் முறையே தலைகீழ். எத்தனை டன் தார் போட்டாய் என்று கேட்பதில்லை. ரோடு இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். இந்த அளவுக்கு மேல் மேடுபள்ளம் இருக்கக் கூடாது, குழி விழுந்தால் இத்தனை நேரத்துக்குள் அடைக்க வேண்டும், ஓரத்துப் புதர் இந்த உயரத்துக்கு மேல் வளரக் கூடாது. தவறினால் மாதாந்தரத் தொகையில் பிடித்தம். முதலில் நல்லதாகப் போட்டால்தான் பின்னால் தன் செலவு குறையும் என்பதால், ஐந்து மில்லிமீட்டர் திருட்டு இங்கே கான்ட்ராக்டரின் சொந்தப் பைக்கே வைக்கும் கன்னம். பொள்ளாச்சிக்குப் பிறகு வேறு சில கோட்டங்களுக்கும் இது போயிற்று.

சாலைப் பணியாளர் சங்கங்கள் இதைக் கடுமையாக எதிர்க்கின்றன, நிரந்தர வேலை தனியாருக்குப் போகிறது என்று. அவர்கள் சொல்வதில் தொழிலாளர் நியாயத்தைத் தாண்டியும் ஒரு விஷயம் இருக்கிறது. மேடுபள்ளத்தை அளந்து பிடித்தம் போடவேண்டிய ஆள் துறையில் இருந்தாக வேண்டும். அந்த ஆளையும் குறைத்துவிட்டால் இந்த ஒப்பந்தமும் பழைய எம்-புக்கின் கதைதான். மாதாமாதம் ‘ரோடு நன்றாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். எனக்கு இந்த முறையின்மேல் நம்பிக்கை உண்டு. துறையின் கண்ணைப் பிடுங்கிவிட்டு அதை நடத்த முடியும் என்பதில் இல்லை.

வெளியிலிருந்து பார்க்கும் கண்கள் இன்று கூடியிருக்கின்றன. 2023-இல் நெடுஞ்சாலைத் துறை ‘நம்ம சாலை’ என்ற செயலியைக் கொண்டுவந்தது. குழியைப் படம் எடுத்துப் போட்டால் மாநில நெடுஞ்சாலையில் 24 மணி நேரத்திலும் மற்றச் சாலைகளில் 72 மணி நேரத்திலும் சரிசெய்வோம் என்றார்கள். நல்லதுதான். ஆனால் செயலி குழி விழுந்த பிறகு பேசுகிறது. குழி ஏன் விழுந்தது, அந்த ரோடு போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று, உத்தரவாதக் காலம் முடிந்ததா என்ற கேள்விகளுக்குப் பதில் காகிதத்தில் இருக்கிறது. அந்தக் காகிதத்தைக் கேட்கும் உரிமை அன்று யாருக்கும் இல்லை. எம்-புக்கை இலாகாவுக்கு வெளியே ஒருவர் தொட்டுப் பார்ப்பது என்பது நினைத்தே பார்க்க முடியாத காரியம். ராஜஸ்தானில் 1990-களில் மஸ்டர் ரோல் என்ற கூலிப் பட்டியலைக் கிராமத்தின் நடுவே வைத்து உரக்கப் படிக்கவைத்த மக்கள் விசாரணைகள், செத்தவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருப்பதை வெளிக்கொண்டுவந்து நாட்டையே அதிரவைத்தன. தமிழ்நாடு 1997-லேயே தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது, விலக்குகள் ஏராளமாக வைத்து. 2005-இல் வந்த மத்தியச் சட்டம்தான் கதவை அகலத் திறந்தது. அதன் 2-ஆம் பிரிவை முழுக்கப் படித்தவர்கள் குறைவு. அரசு செய்யும் வேலையை நேரில் ஆய்வு செய்யலாம், பதிவேட்டின் நகல் கேட்கலாம் என்பதோடு நிற்காமல், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் குடிமகனுக்கு உரிமை உண்டு என்கிறது அது. உங்கள் தெருவில் போட்ட ரோட்டின் ஒரு துண்டை எழுதிக் கேட்டு வாங்கலாம்.

கிராமங்களில் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் ரோடு போட்டவரே அடுத்த ஐந்து வருஷம் பராமரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே உண்டு. துறைப் பொறியாளர், மாநிலத் தர ஆய்வாளர், தேசியத் தர ஆய்வாளர் என்று மூன்று தட்டுச் சோதனையும் உண்டு. ஊர் எல்லையில் ஒரு பலகை நட்டிருப்பார்கள்: நீளம், தொகை, ஒப்பந்ததாரர் பெயர், வேலை முடிந்த தேதி, பராமரிப்பு முடியும் தேதி. பெரும்பாலான ஊர்களில் அதன்மேல் காதணி விழா போஸ்டர் ஒட்டியிருக்கும். போஸ்டரைக் கிழித்துவிட்டு அந்தக் கடைசித் தேதியைப் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளலாம். அந்தத் தேதி தாண்டினால் குழி ஊராருடையது, அதுவரை கான்ட்ராக்டருடையது. வருஷத்துக்கு ஆறு கிராமசபை கூடுகிறது. தேதி முடிவதற்கு முன்னால் வரும் கூட்டத்தில் அந்த ரோட்டை ஒரு பொருளாக வைத்து, எங்கெங்கே ஓரம் அரித்திருக்கிறது, எந்தப் பாலத்தடியில் தண்ணீர் தேங்குகிறது என்று ஊரே நடந்து பார்த்துத் தீர்மானம் எழுதி அனுப்பினால், உதவிப் பொறியாளர் அதை ஃபைலில் சேர்க்காமல் இருக்க முடியாது. கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற சாலைப் பணியாளர் ஒருவரை அந்த நடைக்கு முன்னால் போகச் சொல்லுங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.